சுவரின் குளிர்ந்த பக்கம்

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் கொடிமரமும் தேட வேண்டாம். எரிவாயுத் தகனமேடை ஒன்று, அதன் புகைபோக்கி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான். செத்தவர்களை எரிப்பதுதான் அங்கே பூசை.

மடத்தை நடத்தியவர் மாராத்தாள். வயது நாற்பத்திரண்டு. இரும்பு உருக்கும் பவுண்டரி உலைகளுக்குச் சுவர் கட்டும் கூட்டத்தில் பதினைந்து வருடம் கல் சுமந்தவர். கணவரின் உடலை எரிக்கக் கொண்டு வந்த அன்று தகனமேடை ஆள் குடித்துவிட்டுக் கிடந்தான். இவரே பர்னரைப் பற்ற வைத்தார். மறுநாளும் அவன் எழவில்லை. இன்னொரு பிணம் வந்தது. அப்படியே தங்கிவிட்டார். காவி கட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. துக்கத்தோடு வந்தவர்கள் ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார், இல்லையென்றால் ஒரு வேலை கொடுப்பார். ஊர் அவரை அம்மா என்று கூப்பிட்டது.

சீடர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் வாடை தாங்காமல் ஓடிப்போனார்கள். இருந்தவர் பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்தெட்டு. தன்னைவிடப் பதினாறு வயது இளையவளின் முன்னால் அவர் கைகட்டி நிற்பதைப் பார்க்க ஆரம்பத்தில் விசித்திரமாக இருக்கும். பிறகு பழகிவிடும். சாம்பல் அள்ளுவார், மேடை கழுவுவார், ஒரு வேளை சாப்பிடுவார். மேலே சட்டை போடுவதில்லை, ஒரு வெள்ளைத் துண்டுதான்.

வந்து எட்டு மாதமாகியிருந்தது. ஒரு நாள் காலை அவர் அம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, ஒரு தப்புக் காரியம் நடக்குதுன்னு வெச்சுக்குங்க. முதலாளி மேனேஜர்கிட்டச் சொல்றாரு. மேனேஜர் சூப்பர்வைசர்கிட்டச் சொல்றாரு. சூப்பர்வைசர் ஆளுககிட்டச் சொல்றாரு. நடுவுல நின்னவனுக்கு அதுல எத்தனை பங்குங்க?"

"எதுல?" என்றார் அம்மா.

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"தகனமேடைச் சுவரு இடியறாப்புல இருக்குது. மொதல்ல அதைக் கட்டோணும். கொத்தனாருக்குச் சொல்லி உட்ருக்கேன்," என்றார் அம்மா.

சனிக்கிழமை கொத்தனார் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, பையிலிருந்து சாந்து பூசும் கொல்லறையும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் எடுத்து வைத்தார். நிமிர்ந்தவர் சென்னியப்பனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"மேனேஜர் சார்! நீங்களுங்களா இங்க?"

வந்தவர் காளியண்ணன். உலைச்சுவர் கட்டுவதில் அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்தவர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் சென்னியப்பன் மேனேஜராக இருந்த பவுண்டரியில், காளியண்ணன் கட்டிய உலையின் சுவர் உடைந்து உருக்கிய இரும்பு வெளியே பாய்ந்தது. அந்தச் சுவரில் சாய்ந்து சோறு தின்றுகொண்டிருந்த ஆறுச்சாமி என்ற ஆள் அங்கேயே வெந்து செத்தார்.

கேஸ் காளியண்ணன் மேல்தான். சரியாகக் கட்டவில்லை, கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். ஜாமீனில் இருந்தார்.

"என்னாலதானுங்க சார் உங்களுக்கு இந்தக் கோலம்," என்றார் காளியண்ணன். கண் கலங்கியிருந்தது. "வேலையை உட்டுப்போட்டு இப்புடி வந்து உக்காந்துட்டீங்க. நீங்க ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. மன்னிச்சுருங்க சார்."

சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சென்னியப்பன் மேல் கோபம் வருகிறது. மறைப்பானேன்.

ஏனென்றால் சுவர் எப்படி உடைந்தது என்பது அவருக்குத் தெரியும். உலையின் உள்கல் தேய்ந்து போயிருந்தது. தேய்ந்தால் வெளித்தகடு சுடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஆளை அனுப்பி, தொழிலாளர்கள் நிற்கும் இடம் எவ்வளவு சூடு என்று சோதிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. உலையை நிறுத்திக் கல் மாற்ற முதலாளி விடவில்லை. "வெளிய சுடாம ஏதாச்சும் பண்ணு," என்றார். சென்னியப்பன் தகட்டின் மேல் கண்ணாடிப் பஞ்சுப் போர்வையைச் சுற்றி, அதன் மேல் வெள்ளித் தாள் ஒட்டச் சொன்னார். சுற்றினார்கள். சோதனைக்கு வந்தவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெளியே போக வழியில்லாத சூடு பின்னாலேயே ஏறும். போர்வைக்குள் இருக்கும் தகடு பழுக்கும், தகட்டுக்குப் பின்னால் இருக்கும் கல் இளகும். வெளியே தொட்டால் மட்டும் குளிர்ச்சி. படிக்கிற காலத்தில் அடுக்குச் சுவர் வழியாகச் சூடு போகும் கணக்கு ஒன்று தேர்வில் வந்து, அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவர் சென்னியப்பன். பத்து நாள் தாங்கும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டார். ஒன்பதாம் நாள் உடைந்தது.

போர்வையை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அதை மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆட்கள் அதைச் சென்னியப்பன் செய்த தர்மம் என்றே நினைத்தார்கள். அது வரைக்கும் அந்த உலைப் பக்கம் யாரும் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. போர்வை சுற்றிய பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு அதில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள்.

வேலை ஆரம்பித்தது. காளியண்ணன் கட்டினார், சென்னியப்பன் கல் எடுத்துக் கொடுத்தார், அம்மா சாந்து குழைத்தார்.

தீ படும் உள்பக்கத்துக்குக் கனமான தீக்கல். அதற்குப் பின்னால் நுரைக்கல். கையில் எடுத்தால் ரொட்டி போல எடையே இருக்காது. அதற்கும் பின்னால் இரும்புத் தகடு. மூன்று பக்கச் சுவருக்குத்தான் கல் போதுமானதாக இருந்தது. இடது பக்கம் பழைய சுவர் அப்படியே நின்றது. அதன் உள்கல் தேய்ந்து நான்கு விரல் கனம்தான் மிஞ்சியிருந்தது.

"அது அடுத்த மாசம் கல்லு வந்ததும் பாத்துக்கலாமுங்க," என்றார் காளியண்ணன். "ஒரு மாசம் தாங்கும். கஷ்டமில்லை."

அவர் கட்டுவதைச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டுக் காளியண்ணன் எடுத்தார், திருப்பினார், மறுபடி வைத்தார். தட்டிப் பார்த்தார். பிறகு அதையே பிரித்தார். அரைநாளில் முடிகிற வரிசை ஒரு நாள் இழுத்தது.

"எதுக்குண்ணா பிரிக்கறீங்க? நல்லாத்தான இருக்குது?" என்று அம்மா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுன்னு அங்கயும் நெனச்சனுங்க," என்றார் காளியண்ணன். "என்ற கண்ணை நான் நம்பறதில்லீங்கம்மா இப்பொ. எந்தக் கல்லுல தப்பு உட்டேன், எந்தச் சந்துல உட்டேன்னு யோசிச்சுட்டே இருக்கறேன். வூட்ல சோறு வெச்சா தட்டுல கல்லு அடுக்கறாப்புல அடுக்கறனாம். பொண்டாட்டி அழுவுறா."

"வேற யாரும் கட்டக் கூப்புடலியா?"

"யாருங்க கூப்புடுவா? நீங்கதான் கூப்புட்டீங்க." கல்லை மறுபடி வைத்துக்கொண்டே, "அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட்டுங்க. தப்பை ஒத்துக்கலாம்னு இருக்கறேன். வக்கீலு வேண்டாங்கறாரு. எனக்குக் கேஸை இழுக்க முடியலீங்கம்மா. என்ற கல்லுதான் அவனைக் கொன்னுச்சு," என்றார்.

சென்னியப்பன் கையில் இருந்த நுரைக்கல் கீழே விழுந்து உடைந்தது.

"பாத்துங்க சார்," என்றார் காளியண்ணன். உடைந்ததைத் தானே பொறுக்கினார்.

ஆறு நாளில் மூன்று சுவரும் எழுந்தன. புதுச் சுவரை உடனே முழுத் தீயில் காய்ச்சக் கூடாது. ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். அதனால் சிறு தீ மூட்டி, நாள் முழுதும் அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் வந்த பிணங்களைப் பக்கத்து ஊர்ச் சுடுகாட்டுக்கு அனுப்பினார் அம்மா.

காளியண்ணனுக்குச் சூடு பார்க்க ஒரு வழி இருந்தது. வெளித்தகட்டில் விரலால் தண்ணீர் தெளிப்பார். அது உலர்கிற வரை வாய்விட்டு எண்ணுவார்.

முதல் நாள் நூறு எண்ணியும் தண்ணீர் உலரவில்லை.

"ரொம்பக் குளுச்சியா இருக்குதே. சுவரு நல்லாத் தடுக்குது," என்றார் அம்மா.

"மொத நாள் சுவரை நம்பக்கூடாதுங்கம்மா," என்றார் காளியண்ணன். "அது இன்னும் தடுக்க ஆரம்பிக்கலை. தனக்குன்னு வாங்கிக்குது. கல்லுக்குப் பசிங்க. அது வயிறு நெறையறவரைக்கும் வெளிய தெரியாது."

இரண்டாம் நாள் நாற்பதில் உலர்ந்தது. மூன்றாம் நாள் இருபத்தொன்று. நான்காம் நாள் காலையிலும் இருபத்தொன்று, மத்தியானமும் இருபத்தொன்று.

"நெலைக்கு வந்துருச்சுங்க," என்றார் காளியண்ணன். "இனி தீயை மாத்தாத வரைக்கும் இது மாறாது."

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்ண்ணா, இப்பொ உள்ள எரியற சூடு தீக்கல்லுக்கு வருது. அதுல இருந்து நுரைக்கல்லுக்கு வருது. அதுல இருந்து தகட்டுக்கு வருது. சரிதானுங்களா?"

"ஆமாங்க."

"நடுவுல நிக்கற கல்லு அதுல எத்தனையைத் தன்கிட்ட வெச்சுக்குது?"

காளியண்ணன் சிரித்தார். அங்கே வந்த பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"ஒண்ணும் வெச்சுக்காதுங்க. நெலைக்கு வந்த பொறவு எந்தக் கல்லும் எதையும் வெச்சுக்காது. உள்ள எத்தனை வாங்குதோ அத்தனையும் அடுத்ததுக்குக் குடுத்துரும். மொதக் கல்லும் அத்தனையேதான், நடுக்கல்லும் அத்தனையேதான், கடைசித் தகடும் அத்தனையேதான்."

"பங்கு போட்டுக்காது?"

"பங்கா? அதெப்புடீங்க! முழுசாத்தான் எல்லாத்து வழியாவும் போவும்."

அம்மா எழுந்து போய்ச் சாந்துச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தார். சென்னியப்பன் பக்கம் திரும்பவே இல்லை. சென்னியப்பன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் அந்த ஒரு வேளைச் சோறும் சாப்பிடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முழுத் தீ வைத்துப் பார்த்தார்கள். புதுச் சுவர் மூன்றும் நன்றாக நின்றன. பழைய இடது சுவர்தான் சுட்டது. காளியண்ணன் தண்ணீர் தெளித்தார். எண்ண ஆரம்பிக்கும் முன்பே சுர்ரென்று போனது.

உடலை உள்ளே தள்ளுவதற்கு முன் சொந்தக்காரர்கள் முகம் பார்க்க நிற்பது அந்த இடது சுவர் ஓரம்தான். வேறு இடமில்லை. அம்மா கொட்டகைக்குள் போனார். ஒரு கண்ணாடிப் பஞ்சுப் போர்வைச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதைச் சுத்தி உட்டா என்ன? சனங்க நிக்கறதுக்குச் சுடாது."

அம்மா தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். பதினைந்து வருடம் உலைகளுக்குள் கல் சுமந்தவர். ஆனால் சுமந்தவர்களிடம் யாரும் கணக்கைச் சொல்லித் தருவதில்லை.

"நல்ல யோசனைங்கம்மா," என்றார் காளியண்ணன். "அங்க சாரு எங்களுக்கு இப்புடித்தான் சுத்தி உட்டாருங்க. அதுக்கு முன்னால யாரு எங்களை நெனச்சா? ஆறுச்சாமி சொல்லுவான், எங்கப்பன் கூட எனக்கு இப்புடி ஒரு சாய்மானம் பண்ணித் தரலைன்னு. என்ன பண்றது, நான் கட்டுன கல்லு அவனை..."

அவர் கம்பியை எடுத்துப் போர்வையைக் கட்டத் தொடங்கினார்.

"சித்தெ இந்த முனையைப் புடிங்க," என்று அம்மா சென்னியப்பனிடம் நீட்டினார்.

சென்னியப்பன் பிடித்தார். ஆமாம், பிடித்தார். பழைய சுவர், தேய்ந்த கல், பத்து நாளாவது தாங்கும். அதற்குள் புதுக் கல் வந்துவிடும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எல்லாக் கணக்கும் மறுபடி மனதுக்குள் ஓடி முடிந்தது. அவர் முனையைப் பிடித்துக்கொண்டே நிற்க, காளியண்ணன் இழுத்துக் கட்டி முடித்தார். கையை வைத்துப் பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் முதல் உடல் வந்தது. லாரி டிரைவர் ஒருவர், முப்பது வயதிருக்கும். நெஞ்சுவலி. மனைவி பெயர் பூவாத்தாள் என்று யாரோ சொன்னார்கள். காலையிலிருந்து மேடை முழுத் தீயில் காய்ந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டினார்கள். முகம் பார்த்தார்கள். கதவு திறந்து உடல் உள்ளே போனது. கதவு மூடியதும் எல்லோரும் வெளியே நகர்ந்தார்கள், அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. உள்ளே இருப்பவனுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போனாள். இடது சுவரில், அந்தப் போர்வையின் மேல், நெற்றியை வைத்துச் சாய்ந்தாள். பிறகு முதுகைத் திருப்பி, சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

பெயிண்ட் கருகும் வாடை வந்தது. பிணவாடைக்குப் பழகிய மூக்குக்கு அது தனியாகத் தெரிந்தது. போர்வைக்குப் பின்னால் தகட்டின் பெயிண்ட் கருகிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் ஓடினார். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அவள் கீழே விழுந்தாள், சொந்தக்காரர்கள் கத்தினார்கள். அவர் வெறுங்கையால் போர்வையைப் பிடித்துக் கிழித்தார். கம்பி அறுந்தது. உள்ளே தகடு வெளிறி, நடுவில் தட்டு அளவுக்கு வெளியே புடைத்திருந்தது. கை அதில் பட்டது. அப்போதும் விடவில்லை. கடைசித் துண்டு வரை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

அம்மா தீயைக் குறைத்தார். அந்தப் பெண்ணை எழுப்பி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். சொந்தக்காரர்களிடம் என்ன சொன்னாரோ, சத்தம் அடங்கியது.

முதல் தகனத்தைப் பார்க்க வந்திருந்த காளியண்ணன் புடைத்த தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இது புடைக்கும்னு உங்களுக்கு எப்புடீங்க தெரியும்?" என்றார்.

சென்னியப்பன் சொன்னார். முதலாளி சொன்னது, தான் சொன்னது, தேய்ந்த உள்கல், போர்வை, பத்து நாள் கணக்கு. ஒன்றையும் விடவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை அதைச் சொல்ல.

காளியண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

"ஆறுச்சாமி அதுல சாஞ்சு உக்காந்து சோறு தின்னப்ப, நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"பாத்திருக்கேன்."

"ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொல்லலை."

காளியண்ணன் தலையை ஆட்டினார். திட்டுவார், அடிப்பார் என்று சென்னியப்பன் காத்திருந்தார். அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். காளியண்ணன் எழுந்து போய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து அவர் கையில் ஊற்றினார். வேட்டி ஓரத்தைக் கிழித்து ஈரத்துணி சுற்றினார். சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்ற கல்லு?"

"என்ன?"

"நான் கட்டுனது சார். அது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தேய்ஞ்சு போற காலம் வரைக்கும் நல்லா நின்னுச்சு. அதுக்கு மேல நாங்கதான் ஓட்டினோம். உங்க பேர்ல தப்பே இல்லை, காளியண்ணா."

காளியண்ணன் அழுதார். பெரிய ஆள், ஐம்பது வயது, ஏங்கி ஏங்கி அழுதார். வேப்பமரத்தடியில் இருந்த அந்தப் பெண் தன் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுல வந்து அதை மட்டும் சொல்லுங்க சார். மத்தது ஒண்ணும் வேண்டாம். கல்லு நல்லாத்தான் இருந்துச்சுன்னு உங்க வாயால ஒருக்காச் சொன்னாப் போதும். நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க இஞ்சினீரு."

சென்னியப்பன் தலையசைத்தார்.

"எட்டு மணி பஸ்ஸுங்க. முக்குல நிக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது செருப்பு மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. சென்னியப்பன் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தார். எட்டு மாதத்தில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை. அம்மா கையில் மருந்து வைத்துப் புதுத் துணி கட்டிவிட்டார். கஞ்சியை ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தார். வெயில் கொட்டகைக்குள் வந்து விழுந்திருந்தது.

எட்டு மணி பஸ் வந்து போனது. எட்டரை பஸ்ஸும் போனது.

ஒன்பது மணிக்கு முன்னால் அம்மா வெளியே போய்விட்டு வந்தார்.

"முக்குல காளியண்ணன் நிக்கறாரு. பொண்டாட்டியும் கூட இருக்குது. ரெண்டு பஸ்ஸை உட்டுட்டாரு. ஒம்பது மணி பஸ்ஸுதான் கடைசி. அதை உட்டா கோர்ட்டு நேரத்துக்குப் போவ முடியாது," என்றார்.

சென்னியப்பன் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

"இந்தக் கையோட எப்புடீங்கம்மா போறது? கையெழுத்துக் கூடப் போட முடியாது."

"வாய் நல்லாத்தான இருக்குது?"

"அதுக்கில்லீங்கம்மா." அவர் குரல் மெதுவாக இருந்தது, நிதானமாக இருந்தது. "யாருகிட்டச் சொல்லோணுமோ அவருகிட்டச் சொல்லிட்டேன். அவரு மனசுல இருந்த கல்லை எடுத்துட்டேன். இனி அவரு ஒத்துக்க மாட்டாரு. வக்கீலுகிட்டச் சொல்லுவாரு. கோர்ட்டெல்லாம் காகிதந்தானுங்க. அங்க போனா முதலாளி பேரு வரும், கம்பெனி பேரு வரும், எத்தனை பேரு பொழப்பு. பட வேண்டிய கையில பட்டுருச்சு. அதோட அந்தத் தப்பு எரிஞ்சு போச்சுன்னு படுது."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நெஜமாச் சொல்றேன். பதினாலு மாசம் எனக்குள்ள எரிஞ்சுட்டே இருந்துச்சு. நேத்துச் சாயங்காலத்துல இருந்துதான் அடங்குச்சு. நீங்க கட்டச் சொன்ன சுவரால வந்த புண்ணியம். மனசு குளுந்துருச்சுங்கம்மா."

அவர் அம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். அம்மா காலை நகர்த்திக்கொண்டார்.

"குளுந்தது சரிங்க," என்றார் அம்மா. "இந்தத் தடவை போர்வையை யாரு மேல சுத்தியிருக்கீங்க?"

முக்கில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சென்னியப்பன் குனிந்தபடியே இருந்தார்.